மார்க் இருந்தும் கை நடுங்குதா? அமெரிக்க பார்மசி கல்லூரி இன்டர்வியூவுக்கு தயாராவது எப்படி? முழு விவரம்

இரவு எட்டரை மணி. மைக்கில் சத்தம் விழக் கூடாது என்று ஃபேனை அணைத்தாயிற்று. அம்மா டிவியை மியூட்டில் போட்டுவிட்டார். மேலே அயர்ன் பண்ணின சட்டை, கீழே ஷார்ட்ஸ். லேப்டாப் திரையில், அமெரிக்காவில் இருக்கும் பேராசிரியர் சிரித்த முகத்தோடு முதல் கேள்வியைக் கேட்கிறார்: "நீங்கள் ஏன் பார்மசிஸ்ட் ஆக விரும்புகிறீர்கள்?"

பத்து நாளாக மனப்பாடம் செய்த பதில்தான். முதல் வரி சரளமாக வருகிறது. இரண்டாவது வரி... வரவே இல்லை. வாய் காய்ந்துபோகிறது, நெஞ்சு படபடக்கிறது.

நம்ம ஊரில் பி.பார்ம் சீட் வாங்க இந்தச் சிக்கல் கிடையாது. பிளஸ் 2 மார்க், ரேங்க், கவுன்சலிங், அவ்வளவுதான். யாரும் உட்கார வைத்து கேள்வி கேட்பதில்லை. அதனால்தான் அமெரிக்காவில் பார்ம்.டி படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்கள் பலருக்கு, இதுதான் வாழ்க்கையின் முதல் இன்டர்வியூவாக இருக்கிறது. இதில் என்ன கேட்பார்கள்? எப்படித் தயாராவது? பதற்றத்தை எப்படிச் சமாளிப்பது? பார்க்கலாம்.

பி.பார்ம் முடித்தவர்கள் மறுபடியும் ஏன் பார்ம்.டி படிக்கிறார்கள்?

அமெரிக்காவில் 2000-ம் ஆண்டில் இருந்து பார்மசிஸ்ட் ஆவதற்கான அடிப்படைப் பட்டமே பார்ம்.டி தான். வெளிநாட்டில் பார்மசி படித்தவர்கள் அங்கே லைசென்ஸ் வாங்க எஃப்.பி.ஜி.இ.சி என்ற சான்றிதழ் வழி ஒன்று இருக்கிறது. ஆனால் 2003 ஜனவரி 1-ம் தேதி அல்லது அதற்குப் பிறகு பட்டம் பெற்றவர்கள், குறைந்தது 5 ஆண்டு படிப்பு படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. இந்தியாவின் பி.பார்ம் 4 ஆண்டு படிப்பு. இங்கேதான் சிக்கல்.

இந்தியாவில் 2008-ல் தொடங்கப்பட்ட பார்ம்.டி 6 ஆண்டு படிப்பு என்பதால், அதை முடித்தவர்களுக்கு இந்த 5 ஆண்டு விதி தடையாக இருக்காது. பி.பார்ம் மட்டும் முடித்துவிட்டு அமெரிக்காவில் பார்மசிஸ்டாக வேலை பார்க்க நினைப்பவர்கள், பெரும்பாலும் அங்கே மறுபடியும் பார்ம்.டி சேர வேண்டியிருக்கிறது. அதற்கான வாசல்தான் இந்த இன்டர்வியூ. அமெரிக்காவிலேயே வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இதே வாசல்தான்.

விண்ணப்பம் பெரும்பாலும் 'பார்ம்கேஸ்' என்ற பொது இணையதளம் வழியாகப் போகும். மார்க், பரிந்துரைக் கடிதம், சுயவிவரக் கட்டுரை எல்லாம் பார்த்த பிறகு கல்லூரி இன்டர்வியூவுக்கு அழைக்கும். முன்பு 'பி.கேட்' என்ற நுழைவுத் தேர்வும் இருந்தது. 2024 ஜனவரியோடு அதை நிறுத்திவிட்டார்கள். அதனால் மதிப்பெண்ணுக்கு வெளியே ஒருவரை எடைபோட கல்லூரிகளுக்கு இருக்கும் முக்கியமான வாய்ப்பு இந்த நேர்காணல்தான். பார்மசி கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏ.சி.பி.இ அமைப்பின் 2016 விதிமுறைகளிலும், விண்ணப்பதாரரை நேர்காணல் செய்வது சேர்க்கையின் ஒரு பகுதியாகச் சொல்லப்பட்டிருந்தது.

இன்டர்வியூ எப்படி நடக்கும்?

கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆனால் பொதுவாக மூன்று வகை.

முதலாவது, வழக்கமான இன்டர்வியூ. ஒரு பேராசிரியரும், ஒரு பார்மசிஸ்டும் அல்லது சீனியர் மாணவரும் எதிரே இருப்பார்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்து அரை மணி நேரம்வரை பேச்சு போகும்.

இரண்டாவது, எம்.எம்.ஐ. அதாவது பல குட்டி இன்டர்வியூக்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களைத் தேர்ந்தெடுக்க 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட முறை இது. கதவுக்கு வெளியே ஒரு சூழ்நிலை எழுதி ஒட்டப்பட்டிருக்கும். ஓரிரு நிமிடம் படித்து யோசிக்க வேண்டும். மணி அடித்ததும் உள்ளே போய் சில நிமிடங்கள் பேச வேண்டும். திரும்ப மணி அடித்தால் அடுத்த அறை. ஆன்லைனில் என்றால் கதவுக்குப் பதிலாக ஜூம் அறை மாறும்.

மூன்றாவது, பதிவு செய்யும் வீடியோ இன்டர்வியூ. எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். திரையில் கேள்வி வரும், கடிகாரம் ஓடும், கேமராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

இதோடு சில கல்லூரிகளில் குழு விவாதம், சின்னக் கட்டுரை எழுதுவதும் இருக்கும். அழைப்பு மெயில் வந்ததும் எந்த வகை, எவ்வளவு நேரம், எத்தனை பேர் கேள்வி கேட்பார்கள் என்று அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். இது தப்பான கேள்வி இல்லை.

மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்பார்களா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பார்மகாலஜி புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிவிட்டு உட்காருவார்கள். ஆனால் மருந்து பற்றிச் சொல்லிக்கொடுக்கத்தான் அந்தப் படிப்பே இருக்கிறது. படிப்பில் கெட்டியா என்பதை மார்க் ஷீட் ஏற்கெனவே சொல்லிவிட்டது. இன்டர்வியூவில் பார்ப்பது வேறு: இந்த மனிதரை ஒரு நோயாளியின் முன்னால் நிறுத்தலாமா?

அமெரிக்காவில் பார்மசிஸ்ட் என்றால் மாத்திரையை எண்ணிக் கவரில் போடுபவர் மட்டும் இல்லை. 50 மாநிலங்களிலும் ஃப்ளூ தடுப்பூசி போடுகிறார். டாக்டர் எழுதிய டோஸ் தவறாக இருந்தால் போன் போட்டுக் கேட்கிறார். ஓபியாய்டு மருந்தை முன்கூட்டியே கேட்டு வருபவரிடம், அவமானப்படுத்தாமல் பேச வேண்டியவரும் அவர்தான். அதனால் பொறுமை, நேர்மை, கேட்கும் குணம், தப்பை ஒப்புக்கொள்ளும் தைரியம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

மனப்பாடம் ஏன் காலை வாருகிறது?

"சிறுவயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய ஆசை. அறிவியலில் ஆர்வம் அதிகம். அதனால் பார்மசியைத் தேர்ந்தெடுத்தேன்." இந்தப் பதிலில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இதையே நர்சிங் மாணவரும் சொல்லலாம், டென்டல் மாணவரும் சொல்லலாம். இது யாருடைய பதிலும் இல்லை.

இதே கேள்விக்கு இன்னொரு மாணவி இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். "என் பாட்டிக்கு அடிக்கடி தலை சுற்றும், கால் வீங்கும். ஒரு நாள் அவங்க மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். இரண்டு டாக்டர்கள் எழுதிய இரண்டு பிராண்ட். பெயர் வேற, உள்ளே இருக்கிற மருந்து ஒண்ணுதான், பிரஷர் மருந்தான அம்லோடிபைன். இரண்டையும் தினமும் போட்டுட்டு இருந்தாங்க. நான் எதையும் நிறுத்தச் சொல்லல. இரண்டு அட்டையையும் எடுத்துட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் ஒண்ணை நிறுத்தினார். அந்த டப்பாவை முன்னாடியே யாராவது ஒருத்தர் முழுசா பார்த்திருக்கலாமே என்று தோன்றியது. அந்த ஒருத்தர்தான் பார்மசிஸ்ட்."

இந்தப் பதிலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நடந்த விஷயம் மறக்காது. இடையில் ஒரு வார்த்தை தவறினாலும் கதை தொடரும். மனப்பாடப் பதிலில் ஒரு வரி விட்டுப்போனால் மொத்தமும் நின்றுவிடும். பதற்றத்தில் முதலில் கைவிடுவது சொந்த அனுபவம் இல்லை, இரவல் வாக்கியங்கள்தான்.

எனவே தயாரிப்பின் முதல் வேலை, சொந்த வாழ்க்கையில் இருந்து ஐந்து ஆறு சம்பவங்களை எடுத்து வைப்பது:

- ஒருவருக்கு உதவிய சம்பவம்
- தப்பு செய்து, அதைச் சரி செய்த சம்பவம்
- குழுவில் சண்டை வந்து, சமாளித்த சம்பவம்
- தோற்றுப்போன சம்பவம், அரியர் வைத்திருந்தால் அதுவும்
- மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ நேரில் பார்த்த ஒரு விஷயம்

ஒவ்வொன்றையும் நான்கு கேள்விகளில் அடக்கிவிடலாம். என்ன நிலைமை? என் பொறுப்பு என்ன? நான் என்ன செய்தேன்? முடிவு என்ன ஆச்சு? மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். "நாங்க பண்ணினோம்" என்று பொதுவாகப் பேசுவது நம் பழக்கம். இன்டர்வியூவில் "நான் என்ன செய்தேன்" என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். அது தற்பெருமை ஆகாது.

சூழ்நிலைக் கேள்விக்கு எப்படி யோசிப்பது?

எம்.எம்.ஐ-யில் வரக்கூடிய மாதிரியான ஒரு சூழ்நிலை: "நீங்கள் மருந்துக் கடையில் வேலை செய்கிறீர்கள். தெரிந்த பெண் ஒருவர் வந்து, 'இப்போ போனாங்களே எங்க பக்கத்து வீட்டு அக்கா, அவங்க என்ன மாத்திரை வாங்கினாங்க? உடம்புக்கு என்னவோன்னு கவலையா இருக்கு' என்று கேட்கிறார். என்ன செய்வீர்கள்?"

நம்ம தெருவில் இது சாதாரண விசாரிப்பு. அமெரிக்காவில் நோயாளியின் தகவலைப் பாதுகாக்க 1996-ல் வந்த ஹிப்பா சட்டம் இருக்கிறது. ஆனால் "சட்டப்படி சொல்ல முடியாது" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்வதும் முழுப் பதில் ஆகாது. கேட்பவரின் அக்கறையை மதித்து, "நீங்க கவலைப்படுறது புரியுது, ஆனா யார் என்ன வாங்கினாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், உங்க விஷயம்னாலும் அப்படித்தான். அவங்களையே கேட்டுப் பாருங்களேன்" என்று சொல்வதுதான் பார்மசிஸ்ட் பேச்சு.

எந்தச் சூழ்நிலை வந்தாலும் இந்த வரிசை உதவும். யாருக்கு ஆபத்து என்று முதலில் பார்க்க வேண்டும். தெரியாத தகவல் என்ன, யாரிடம் கேட்பேன் என்று சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு நியாயத்தையும் ஒரு வரி பேச வேண்டும். பிறகு, தன் முடிவையும் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். "இது என் அதிகாரத்துக்கு மேல, மேற்பார்வையாளரிடம் கொண்டு போவேன்" என்பதும் நல்ல பதில்தான். டாக்டர் வேடம் போடுவதுதான் ஆபத்து.

சில அறைகளில் நடிகர் ஒருவர் கோபக்கார நோயாளியாக உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஏதாவது விளக்கச் சொன்னால், கடைசியில் "நான் சொன்னதை உங்க வார்த்தையில ஒரு தடவை சொல்லுங்களேன், நான் சரியா சொன்னேனான்னு பார்க்கிறேன்" என்று கேட்கலாம். நோயாளிக்குப் புரிந்ததா என்று உறுதி செய்ய மருத்துவத் துறையில் சொல்லித்தரும் முறையே இதுதான்.

மருந்துப் பெயர் வந்தால் ஒரு சின்ன கவனம். நாம் சொல்லும் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின்.

உடம்பு ஏன் நடுங்குகிறது?

பதற்றம் கோழைத்தனம் இல்லை. முக்கியமான ஒன்று நடக்கப் போகிறது என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. 'வயிற்றைப் பிசையுது' என்று நாம் சொல்வதன் பின்னால் இந்த மாற்றங்கள்தான் இருக்கின்றன.

பதற்றம் கொஞ்சம் இருந்தால் கவனம் கூடும். எல்லை மீறினால்தான் வேலை கெடும். அதனால் அதை ஒழிப்பது இலக்கு இல்லை, கைக்குள் வைத்துக்கொள்வதுதான் இலக்கு.

பதற்றத்தைக் கைக்குள் வைக்க என்ன செய்யலாம்?

வாய்விட்டுப் பேசிப் பார்ப்பது: மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. இரண்டு வாரம் முன்பிருந்தே நண்பர், அக்கா, பழைய ஆசிரியர் என்று யாரையாவது உட்கார வைத்து, டைமர் போட்டு ஆங்கிலத்தில் பேசிப் பார்க்க வேண்டும். போனில் ரெக்கார்ட் செய்து கேட்பது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் எங்கே வேகம் எடுக்கிறோம், எங்கே "ஆக்சுவலி" பத்து தடவை வருகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

மூச்சை மெதுவாக விடுவது: மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று கூடும், விடும்போது குறையும். அதனால் நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடலாம். இன்டர்வியூவுக்கு முன் மூன்று நான்கு நிமிடம் போதும்.

பெயரை மாற்றுவது: ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், "அமைதியாக இரு" என்று தனக்கே சொல்லிக்கொண்டவர்களை விட, "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொன்னவர்கள் மேடைப் பேச்சில் மேலாகச் செய்தார்கள். படபடக்கும் நெஞ்சை அடக்குவது கஷ்டம். அதே படபடப்புக்கு உற்சாகம் என்று பெயர் வைப்பது சுலபம்.

காபியில் கவனம்: காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏற்கெனவே படபடக்கும் நெஞ்சுக்கு இரண்டு டம்ளர் ஸ்ட்ராங் காபி உதவாது. வழக்கமாகக் குடிக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நடுவில் மூளை வெள்ளைத் தாள் ஆகிவிட்டால்: "நல்ல கேள்வி, ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, தண்ணீர் ஒரு மிடறு குடிக்கலாம். யோசித்துப் பேசுபவரை யாரும் மட்டமாக நினைப்பதில்லை. எம்.எம்.ஐ-யில் இன்னொரு நிம்மதியும் உண்டு. பொதுவாக ஒவ்வொரு அறையிலும் வேறு ஒருவர் தனியாக மதிப்பெண் போடுவார். முந்தின அறையில் சொதப்பியது அடுத்தவருக்குத் தெரியாது. மணி அடித்ததும் அந்த அறையை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான்.

ஆங்கிலம் குறித்த பயம் தமிழ் மீடியம் மாணவர்களுக்கு அதிகம். உச்சரிப்பை மாற்ற மெனக்கெட வேண்டாம், வேகத்தைக் குறைத்தால் போதும். "என் ஆங்கிலம் சுமார்" என்று முதலிலேயே மன்னிப்புக் கேட்பதைத் தவிர்க்க வேண்டும். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம்.

ஃப்ரெண்ட் கொடுத்த மாத்திரையைப் போடலாமா?

"ஒரு மாத்திரை போட்டா கை நடுக்கமே இருக்காதுடா" என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் அது ப்ராப்ரனலால். ரத்த அழுத்தம், இதயக் கோளாறுகளுக்குத் தரப்படும் மருந்து இது. இதயத்துடிப்பையும் நடுக்கத்தையும் குறைப்பதால், மேடை பயத்துக்கும் சில டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது உண்டு. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே நாடித்துடிப்பு குறைவாக இருப்பவர்களுக்கும் சிக்கல். இன்சுலின் போடுபவர்களுக்கு சர்க்கரை இறங்குவதைக் காட்டும் படபடப்பையே இது மறைத்துவிடும்.

அல்பிரஸோலம் போன்ற மாத்திரைகளோ தூக்கத்தைக் கொடுக்கும், யோசனையை மந்தமாக்கும், பழக்கமாகிவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை வாங்குவதே தவறு.

"ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் சாப்பிடலாமா?" என்பது அந்த இன்டர்வியூவிலேயே வரக்கூடிய கேள்வி. அதற்கு "கூடாது" என்று பதில் சொல்லப் போகிறவர், பத்து நிமிடம் முன்பு அதையே செய்திருக்கக் கூடாது.

பதற்றம் இன்டர்வியூவோடு நிற்காமல், வாரக்கணக்கில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால் டாக்டரைப் பார்ப்பதே சரி. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம்.

நேரத்தில் கோட்டை விடாதீர்கள்!

மெயிலில் 'காலை 10 மணி, ஈஸ்டர்ன் டைம்' என்று இருந்தால், குளிர்காலத்தில் அது நமக்கு இரவு 8.30. அமெரிக்காவில் கடிகாரத்தை முன்னே தள்ளும் மார்ச் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் இரவு 7.30. அதே 10 மணி கலிஃபோர்னியா நேரம் என்றால், குளிர்காலத்தில் இரவு 11.30! முந்தின நாளே தூக்க நேரத்தை மாற்றிப் பழகுவது நல்லது.

லேப்டாப்பை முழு சார்ஜில் வைத்து, போன் ஹாட்ஸ்பாட்டையும் தயாராக வைத்திருக்க வேண்டும். கரன்ட் போனால் என்ன செய்வது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வெளிச்சம் முகத்தின் முன்னால் இருக்கட்டும். அந்த ஷார்ட்ஸுக்குப் பதிலாக பேன்ட்டே போட்டுவிடலாம், சார்ஜரை எடுக்க எழுந்தால் மாட்டிக்கொள்ள மாட்டோம்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டால்...

"இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. அமெரிக்காவில் சுமார் 140 பார்மசி கல்லூரிகள் இருக்கின்றன. கடந்த பத்தாண்டுக்கும் மேலாக விண்ணப்பங்கள் குறைந்து வந்ததால், மாணவர்களைச் சேர்க்க கல்லூரிகளும் போட்டி போடுகின்றன. அதனால் சீட் கிடைத்துவிட்டது என்பதாலேயே அது நல்ல கல்லூரி என்று அர்த்தம் இல்லை. பெரும் கடன் வாங்கிச் சேரும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கேட்க வேண்டியவை: லைசென்ஸ் தேர்வான நாப்லெக்ஸில் முதல் முயற்சியிலேயே எத்தனை சதவீதம் பேர் பாஸ் ஆகிறார்கள்? கல்லூரி வாரியாக இது ஆண்டுதோறும் வெளியாகும் தகவல் என்பதால், முன்பே பார்த்துவிட்டு "ஏன் கூடியது, ஏன் குறைந்தது" என்று கேட்கலாம். கடைசி ஆண்டில் குறைந்தது 1,440 மணி நேரம் செய்ய வேண்டிய நேரடிப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும்? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த ஆண்டுக்குள் படிப்பை முடிக்கிறார்கள்? வெளிநாட்டு மாணவர்களுக்கு விசா விஷயத்தில் உதவ தனி அலுவலகம் இருக்கிறதா?

இப்படிக் கேட்கத் தொடங்கியதும் இன்னொன்றும் நடக்கும். அதுவரை எதிரே இருப்பவர்கள் மட்டுமே எடைபோடுவதாக நினைத்த மாணவர், தானும் அவர்களை எடைபோட வந்தவர்தான் என்பதை உணர்வார். கை நடுக்கம் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள், பேசியவர்களுக்குச் சுருக்கமாக ஒரு நன்றி மெயில் அனுப்பலாம். அதன் பிறகு "அதைச் சொல்லியிருக்கலாமே, இதைச் சொல்லியிருக்கலாமே" என்று ராத்திரி முழுக்கப் புரள வேண்டாம். என்னென்ன கேள்வி வந்தது என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கினால், அடுத்த கல்லூரி அழைக்கும்போது அந்தப் பக்கம் கைகொடுக்கும்.